நான் ஸ்டெரைல்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹஃபீஸாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: இனிஷியல் ஹஃபீஸா. பன்னிரண்டு வருஷம் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊராருடைய விண்ணப்பங்களை எல்லாம் அடித்துக் கொடுத்தவள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், போலீஸ் தேர்வு, ராணுவத் தேர்வு என்று எதுவானாலும், கடைசிப் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "இனிஷியல் அப்பா பேருதானா? ஒரு எழுத்தா, ரெண்டு எழுத்தா?" என்று மூன்று தடவை கேட்பாள். பின்னால் நிற்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏம்மா, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், இம்புட்டு விசாரிக்கே?" என்று ஒருவர் கத்தியது எனக்கே தெரியும். அவள் அசைய மாட்டாள். ஒரு எழுத்துப் பிசகினால் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, அஜாக்கிரதையான பொம்பளை என்று ஒருத்தரும் அவளைச் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் பெயர் வெங்கடேஸ்வரி. பிளஸ் டூ வரை அவளும் நானும் ஒரே பெஞ்சு. ராஜபாளையம் பக்கத்தில் காஸ் துணி நெய்கிற ஒரு சின்ன யூனிட்டில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். காஸ் துணி என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற, வலை மாதிரியான வெள்ளைத் துணி. முதலாளி சீனிச்சாமி அண்ணாச்சி. பதினாறு தறி, முப்பது பேர் வேலை.

எங்கள் பெட்டிகள் எல்லாவற்றிலும் இங்கிலீஷில் 'நான்-ஸ்டெரைல்' என்று அச்சடித்திருக்கும். ஸ்டெரைல் என்றால் நீராவியிலோ வாயுவிலோ கிருமியைக் கொன்று, தேதி போட்டு மூடியது. அந்த மெஷின் எங்களிடம் கிடையாது. நாங்கள் நெய்து, வெளுக்கக் கொடுத்து வாங்கி, வெட்டி, சுருட்டி அனுப்புவதோடு சரி. கிருமி நீக்குவது வாங்குகிற ஆஸ்பத்திரியின் பாடு. அதனால்தான் முன்னால் அந்த 'நான்'. இங்கிலீஷில் அதற்கு 'அல்லாத' என்று அர்த்தம். வேலைக்குப் புதிதாக வரும் பெண்களிடம் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். பெட்டியைக் காட்டி, "வாசி பாப்போம்" என்போம். வந்த பிள்ளை, "நான் ஸ்டெரைல்" என்று வாசிக்கும். "நீ ஸ்டெரைல்னா நாங்க யாரு, சாக்கடையா?" என்று எல்லோரும் சிரிப்போம். பதினொரு வருஷமாகச் சிரித்திருக்கிறேன்.

எல்லோர் கைக்கும் போன் வந்த பிறகு பிரவுசிங் சென்டருக்கு ஆள் வருவது நின்றது. உரிமையாளர் ஷட்டரை இறக்கிவிட்டு அங்கே ஜூஸ் கடை போட்டார். ஹஃபீஸாவின் வீட்டுக்காரர் அன்சார் சவூதியில், தம்மாமில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற ஜாதி இல்லை இவள். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, கடைகளுக்கு வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள்.

அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாமாம். பெட்டி பெட்டியாகத் தயாராக இருப்பதை இழுத்து வைத்தால் பக்கம் ரெடி. மிச்சத்தை ஏஐயிடம் கேட்டால் அது எழுதித் தரும். ஆர்டர் படிவம், கணக்கு பார்க்கிற புரோகிராம், இங்கிலீஷ் வாசகம் எல்லாமே. இவள் அதோடு பேசுகிற அழகைப் பார்க்க வேண்டுமே. "ஏப்பா, அந்தப் பட்டனைச் செத்த கீழ எறக்கு. ஏப்பா, நேத்து சொன்னத மறந்துட்டியா?" அது ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமாக" என்று மரியாதையாகப் பதில் சொல்லும், தவறு என்றால் உடனே "மன்னிக்கவும்" என்று வரும்.

"ஏட்டி, உங்க அன்சார் மச்சான் இந்த 'மன்னிக்கவும்'ங்கிற வார்த்தைய எப்பவாச்சும் சொல்லிருக்காகளா?" என்று கேட்டேன்.

"அவிய சொன்னா நான் மயக்கம் போட்டுல்ல விழுந்துருவேன்" என்றாள்.

ஒரு வருஷத்தில் ஒன்பது வெப்சைட். பால்கோவா கடை ஒன்று, கல்யாண மண்டபம் ஒன்று, செண்பகத்தோப்புப் போகிற வழியில் தென்னங்கன்று விற்கும் நர்சரி ஒன்று. ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்டாள். அந்தப் பழக்கம் மாறவில்லை. அப்போதுதான் நானே போய் சீனிச்சாமி அண்ணாச்சியிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். அவர் காஸ் துணி நெய்கிறவர்கள் சங்கத்தில் செயலாளர். அவருக்குப் பிடித்துவிட்டால் சங்கத்தில் இருக்கிற நாற்பது யூனிட்டுக்கும் இவளையே செய்யச் சொல்வதாக இருந்தது. நாற்பது யூனிட்! ஹஃபீஸா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு அறை பார்த்துவைத்தாள். வாசலில் மாட்டுகிற போர்டுக்குக்கூட மனசுக்குள் நிறம் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

அண்ணாச்சிக்கு டைப் அடிப்பது ஆகாது. எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். அன்றைக்கு அனுப்பியது இது: "வணக்கம் தங்கச்சி. நான் ஸ்டெரைல் காஸ் துணி செய்றேன். பேண்டேஜ் ரோலும் செய்றேன். அம்புட்டும் மொதத் தரம். பெரிய பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் நம்ம சரக்குதான் போகுது. நல்லா அழகா எழுதிப் போடுங்க."

நீங்களே வாசித்துப் பாருங்கள். சத்தம் போட்டு வாசியுங்கள். அந்த 'நான்' எந்த நான்?

எங்கள் பேக்கிங் ஹாலில் யார் கேட்டாலும் 'அல்லாத' என்றுதான் காதில் விழும். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு, ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் விழும். அவள் அந்த மெசேஜை ஒன்றுக்கு மூன்று தடவை போட்டுக் கேட்டாள். கேட்டதை எழுத்தாக்கி ஏஐயிடம் கொடுத்தாள். அதுவும் தமிழ் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்கிறபடியே எடுத்துக்கொண்டது. ஸ்டெரைல் என்றால் என்ன என்று அதனிடம் கேட்டாள். கிருமி நீக்கப்பட்டது என்றது. ஆஸ்பத்திரித் துணி வேறு எப்படி இருக்கும் என்று இவளும் நினைத்துக்கொண்டாள். அளவு கேட்டாள், நூல் நம்பர் கேட்டாள், பின்கோடு கேட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைக்கிற வார்த்தையை யார் திரும்பக் கேட்கிறார்கள்?

வெப்சைட் இங்கிலீஷில் ஜோராக வந்தது. 'ஸ்டெரைல் காஸ் ரோல். பிரித்தவுடன் பயன்படுத்தலாம்.' வீடுகளுக்கும் சின்ன கிளினிக்குகளுக்கும் அனுப்ப அண்ணாச்சி புதிதாகச் சின்ன பிளாஸ்டிக் பை போட்டிருந்தார். அதே வாசகத்தை எடுத்து அந்தப் பைக்கு ஒட்டுகிற லேபிளும் ஹஃபீஸாவே செய்து கொடுத்தாள். அச்சடிப்பதற்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லிப் படம் அனுப்பினாள். அண்ணாச்சி அதைப் பார்த்தும் பார்க்காமலும் எனக்குத் தள்ளிவிட்டார்.

நான் பார்த்தேன். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த நேரம். அளவு சரி, முகவரி சரி, போன் நம்பர் சரி. ஸ்டெரைல் என்ற வார்த்தையையும் பார்த்தேன். பதினொரு வருஷமாக 'நான்' இல்லாமல் அந்த வார்த்தையை நான் கண்டதே இல்லை. லேபிளில் இல்லாததை என் கண் தானாகப் போட்டுக்கொண்டது. ஓகே என்று ஹஃபீஸாவுக்கு அடித்து அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் யூனிட் போனுக்கு ஒரு அழைப்பு. தென்காசிப் பக்கம் ஒரு கிளினிக்கில் நர்ஸாம், பெயர் பரிபூரணம்.

"ஸ்டெரைல்னு ஒட்டிருக்கீங்க. தேதி எங்க? எந்த முறையில ஸ்டெரைல் பண்ணுனீங்க? ஒண்ணுமே போடலையே?"

"எங்கது நான்-ஸ்டெரைல் மேடம்" என்றேன், சாதாரணமாக.

"அப்படிப் போடலையேம்மா. லேபிள எடுத்துப் பாருங்க" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். வாசித்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தேன். பக்கத்தில் இருந்த துணி பேல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹஃபீஸாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் அண்ணாச்சியின் அந்த வாய்ஸ் மெசேஜை மறுபடி போட்டு எனக்கும் போனில் கேட்க வைத்தாள். "நான் ஸ்டெரைல் காஸ் துணி செய்றேன்." இப்போது அவளுக்கும் கேட்டது. பிறகு ஏஐயிடம் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டிருக்கிறாள். 'மன்னிக்கவும். "நான்" என்பதைப் பேசுபவர் தன்னைக் குறிப்பிடுவதாக எடுத்துக்கொண்டேன். உடனே திருத்தித் தருகிறேன்' என்றதாம். அரை நிமிஷத்தில் வெப்சைட் முழுக்கத் திருத்தியும் கொடுத்துவிட்டது. வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த பைகளை எந்த மன்னிப்பால் திருத்துவது?

மறுநாள் காலையில் பஸ் பிடித்து யூனிட்டுக்கே வந்துவிட்டாள். வெப்சைட் வழியாகப் பதினொரு பேர் வாங்கியிருந்தார்கள். பெயரும் நம்பரும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணாச்சி, இவிய எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லணும்."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கொரோனாவில் தறி ஓடாத நாளிலும் எங்களைப் பட்டினி போடாதவர். ஆனால் பயம் வந்தால் மனிதன் வேறு ஆளாகிவிடுகிறான். "திருத்தியாச்சுல்ல? புது லேபிள் அடிச்சுருவோம். பழசப் பேசாத. ஒருத்தனும் வாயத் தொறக்கல, நாமளே போயி சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்கணுமா? முப்பது குடும்பம் இருக்கு தங்கச்சி, இந்தத் தறிய நம்பி."

"யாராச்சும் பச்சப் புண்ணுல வச்சுக் கட்டியிருந்தா?"

"கட்டுனா என்ன, சாக்கடைத் துணியா அது? வெளுத்த துணிதான?"

"அப்படின்னா எதுக்கு அண்ணாச்சி பெட்டியில நான்-ஸ்டெரைல்னு போடுதீக?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "தப்பா எழுதுனது நீ. உன் கம்ப்யூட்டர். இதுல என் பேரு நாறக் கூடாது. மீறிச் சொன்னேன்னு வையி, சங்கத்து வேலைய மறந்துரு" என்றார்.

நான் அங்கேயேதான் நின்றேன், ஸ்டாக் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. லேபிளைச் சரிபார்த்து ஓகே சொன்னவள் இங்கே நிற்கிறாள் என்று அண்ணாச்சிக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. ஹஃபீஸாவுக்கு ஞாபகம் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினொரு பேருக்கும் போன் போட்டாள். விண்ணப்பத்துக்குக் கேட்பது போலவே, எடுத்த ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொன்னாள்: இது கிருமி நீக்காத துணி, புண்ணின் மேல் நேராக வைக்காதீர்கள், வைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒருவர் வாயில் வராத வார்த்தையால் திட்டினார். ஒரு அம்மா நாய்க்குட்டியின் காலுக்குக் கட்டத்தான் வாங்கினேன் என்று சிரித்தார். பரிபூரணம் மட்டும், "சொன்னீங்களே, அது போதும்" என்றாராம். ஒரு வாரத்துக்குள் விஷயம் சங்கத்துக்குப் போனது. நாற்பது யூனிட் வேலை கைவிட்டுப் போனது. கூடவே மண்டபத்துக்காரரும் நர்சரிக்காரரும், "எங்க பக்கத்துலயும் என்னத்தையாச்சும் எழுதி வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துவைத்த அறையில் இப்போது ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது.

பதினோராவது நம்பர் மட்டும் எடுக்கவே இல்லை. ஆலங்குளம் முகவரி. ஆர்டர் போட்டவர் கோயம்புத்தூரில் இருக்கும் மகன். அவர் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு நாள் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தது.

"நான் ஆலங்குளம் போறேன். நீ வாரியா?"

போனேன். சிமெண்ட் ஆலையைத் தாண்டி, வெடித்துக் கிடந்த கரிசல் காட்டை ஒட்டி ஒரு தெரு. சுண்ணாம்புத் தூசி படிந்த வேப்பமரத்துக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்த அம்மாவின் பெயர் சுந்தரம்மாள், அறுபது வயதிருக்கும். உள்ளறைக் கட்டிலில் அவர் வீட்டுக்காரர் ராஜரத்தினம், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். இரண்டு மாசத்துக்கு முன்னால் கால் கட்டைவிரலை மட்டும் எடுத்திருந்தார்களாம். இப்போது போர்வைக்கு வெளியே தெரிந்த கட்டு, பாதி பாதத்தோடு முடிந்திருந்தது.

எங்களை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கேட்காமலே சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

"மொத ஆபரேசன் நல்லாத்தான் ஆறிக்கிட்டு வந்துச்சு தாயி. நான்தான் தெனமும் கட்டு மாத்துவேன். நர்ஸம்மா சொல்லிக் குடுத்த மாதிரி துணிய அவிச்சு எடுத்துத்தான் வச்சேன். பொறவு மகன், எதுக்கும்மா கெடந்து அடுப்படியில வேகுத, இந்தா ஸ்டெரைல்னே போட்டு வருது, அப்படியே பிரிச்சுக் கட்டலாம்னு வாங்கி அனுப்புனான். பத்து நாளு கட்டுனேன். பொறவு சீழு வச்சிருச்சு."

அலமாரியைத் திறந்தார். சாமி படத்துக்குக் கீழ்த்தட்டில், துவைத்து மடித்த ஒரு துண்டுக்குள் மிச்சம் மூன்று பை இருந்தது. கை பட்டுவிடக் கூடாது என்று துண்டோடு எடுத்துக் காட்டினார். என் லேபிள்.

"டாக்டர் சுகர்னு சொல்லுதாரு. இவிய அக்கா வந்து, ஒங் கைச் சுத்தம் பத்தாது, நீதான் எந்தம்பி கால முடிச்சிட்டன்னு பேசிட்டுப் போயிட்டாக. இவியளும் அதுக்கப்புறம் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. நானும் கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுதேன் தாயி. இன்னும் கழுவிக்கிட்டேதான் இருக்கேன்."

கையை நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் சோப்பு அரித்துத் தோல் உரிந்திருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. எப்படியாவது பட்டும் படாமலும் சொல்லிவிடலாம் என்று, "அம்மா, அந்தத் துணியில ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு, கம்ப்யூட்டர்ல ஒரு வார்த்த மாறி..." என்று ஆரம்பித்தேன்.

ஹஃபீஸா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கம்ப்யூட்டர் இல்லம்மா. அது ஸ்டெரைல் துணி இல்ல. நீங்க அவிச்சுத்தான் வச்சிருக்கணும். அவிக்க வேண்டாம்னு அந்தப் பையில எழுதுனது நான். ஒரு வார்த்தையக் கேக்காம விட்டது நான். சீழு அதுனாலதான் வச்சுதா, சுகராலயான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவிக்காம விட்டது உங்க குத்தம் இல்ல."

அந்த அம்மா கத்துவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் ஹஃபீஸாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிசமாவா சொல்லுத?" என்றார். இவள் தலையை ஆட்டினாள். "இன்னொருக்கச் சொல்லு" என்றார். இவள் இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தார். பிறகு அந்த மூன்று பையையும் தரையில் போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினார்.

"ஏங்க, கேட்டியளா? என் கை இல்லையாம். இந்தா வந்திருக்கு பாருங்க, இந்தப் பிள்ள சொல்லுது. என் கை இல்லையாம்ங்க."

கட்டிலில் இருந்தவர் திரும்பினார். அழுகைச் சத்தம் கேட்டது, யாருடையது என்று தெரியவில்லை. ஹஃபீஸா வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் குனிந்து அந்தப் பைகளைப் பொறுக்கினேன். அந்த வீட்டில் சொல்ல எனக்கும் ஒரு வாக்கியம் இருந்தது. அண்ணாச்சி முன்னால் வராத வாய் அங்கேயும் வரவில்லை. ஆலங்குளத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும் வரை ஹஃபீஸா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த லேபிளுக்கு ஓகே போட்டது நான்.